புதுப்பிப்பு: ராத்தாவின் சாறி ஓடர்கள் இப்போது தானாக வருகின்றன

மருதமுனையில் ராத்தா (அக்கா) கைத்தறிச் சாறி விற்கிறார், ஓடர்களைக் கொப்பியில் எழுதியே களைத்துவிட்டார், கோடிங் தெரியாத நான் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரு செயலியில் வருவதை இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் மேக் (Make), ஸேப்பியர் (Zapier) என்ற இரண்டு சேவைகளையும் பலர் சொன்னீர்கள். இலவசத் திட்டத்தில் ஸேப்பியர் மாதம் 100 வேலைகள், மேக் 1000 என்பதால் மேக்கைப் பிடித்தேன்.

வாடிக்கையாளர் கூகுள் படிவத்தை நிரப்புவார், அது ஷீட்டில் விழும், அங்கிருந்து ராத்தாவின் டெலிகிராமுக்குச் செய்தி போகும். ஒரு பின்னேரத்தில் கட்டி முடித்தேன்.

பத்தே நாளில் நின்றுபோனது. ஓடர் வந்ததோ ஏழெட்டுத்தான்! பிழை என்னுடையது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட்டைப் பார் என்று மேக்கில் வைத்திருந்தேன். புதிதாக எதுவும் வராவிட்டாலும், ஷீட்டைத் திறந்து பார்ப்பதே அந்த 1000இல் ஒன்றாகக் கணக்காகும். நாளைக்கு 96, மாதத்துக்கு 2880. இதை முதலிலேயே பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும், சரி. இப்போது மணிக்கு ஒருமுறை: 30 நாளுக்கு 720, மிச்சம் 280 செய்திகளுக்கு. சாறி ஒரு மணிநேரம் பிந்தினால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

அப்புறம் தொலைபேசி இலக்கம். ஷீட் அதை எண்ணாக எடுத்து முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிட்டது. செய்தி அனுப்பும் படியில் நானே ஒரு 0 சேர்த்துவிட்டேன்.

கொப்பியை ராத்தா இன்னும் விடவில்லை. டெலிகிராமில் வருவதைப் பார்த்து அதில் எழுதிக்கொள்கிறார்.