பொருள்: மறு: செவுள் வாடலா, ஒடுக்கமா?

வணக்கம்.

> அக்சலோட்டிலின் வெளிச்செவுள் சிறுத்துப்போவதைச் 'செவுள் வாடல்' என்று வைத்துக்கொள்ளலாமே.

இந்தக் கலைச்சொல்லில் வாடல் வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் கொஞ்சம் நீளும்.

மட்டக்களப்பு கல்லடியில் என் தங்கை வீட்டுத் தொட்டியில் ஓர் அக்சலோட்டில் வளர்கிறது. தவளையைப் போல ஈரூடகவாழிதான், ஆனால் வளர்ந்த பிறகும் தண்ணீரிலேயே இருந்து வெளியே நீண்ட செவுளால் மூச்சு விடும். வெள்ளை உடம்பு, தலையின் இரு பக்கமும் மும்மூன்று சிவந்த தண்டுகள், தண்டு முழுக்க மெல்லிய இழைகள். போன மாதம் மருமகன் தொலைபேசியில், "மாமா, இதுக்குப் பூ வாடிப் போச்சு" என்றான். தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இலங்கைப் பாடநூல்களில் செவுளுக்குப் பெயர் பூ. சந்தையிலும் பூவைத் தூக்கிப் பார்த்துத்தான் வாவி மீன் வாங்குவோம். அழகான சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பூ என்று சொல்லிவிட்டால் அடுத்து வாடல்தானே வரும்? வாடினால் நோய் என்று பயந்து, பையன் தொட்டியில் உப்புப் போடக் கிளம்பிவிட்டான்.

போய்ப் பார்த்தேன். இழைகள் முன்னைவிடக் குட்டைதான். ஆனால் நல்ல சிவப்பு. மண்புழுவை நீட்டியதும் லபக்கென்று விழுங்கியது. விசாரித்தால், அதுவரை ஐஸ் போத்தலை மிதக்கவிட்டு ஒப்பேற்றியவர்கள், இரண்டு மாதத்துக்கு முன் குளிரூட்டி பூட்டி, தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லும் போட்டிருக்கிறார்கள். இதற்கு வேண்டியது 16 முதல் 18 பாகை செல்சியஸ். எங்கள் ஊரில் சும்மா வைத்த தண்ணீரே 30 பாகையைத் தொடும். 30 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைத்திருக்கும், 18 பாகையில் 9.5 வரை போகும். மூச்சு தாராளமாகக் கிடைக்கிறபோது இழையை நீட்டி வளர்க்க அதற்கு என்ன தேவை? அடிக்கடி தண்ணீர் பாயும் நிலத்தில் வேர் ஆழம் போவதில்லையே, அதுபோலத்தான். புசுபுசுவென்ற செவுளைப் பார்த்து நாம் பூரிப்பதும் சில வேளை ஒட்சிசன் போதாமல் திண்டாடும் பிராணியைப் பார்த்துத்தான்.

நோயால் சிறுப்பதும் உண்டு, மறுக்கவில்லை. வடிகட்டியில் நல்ல பற்றீரியா வளர முன்பே பிராணியை விட்டால் அமோனியா ஏறும், இழைகள் உதிரும், தண்டு மொட்டையாக நிற்கும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் மருமகனைப் போல எல்லோரும் உப்புப் பொட்டலத்தைத் தேடுவார்கள். அதனால் முதலாவதுக்குச் 'செவுள் ஒடுக்கம்', இரண்டாவதுக்குச் 'செவுள் தேய்வு' என்கிறேன்.

> தேய்வுக்குப் பதில் அரிப்பு? மண்ணரிப்பு இருக்கிறதே.

மண்ணுக்குச் சரி. செவுள் அரிப்பு என்று எழுதினால் எங்கள் ஆட்கள், "சொறியுதா?" என்று கேட்பார்கள்.

> தேய்ந்தது திரும்ப வளராது என்ற எண்ணம் வருமே அண்ணா?

பிறை தேய்ந்து வளர்வதில்லையா தங்கச்சி? தண்ணீர் சுத்தமானால் இழைகளும் முளைத்துவிடும். கால் போனாலே முளைக்கவைக்கும் பிராணி இது.

ஒடுக்கத்தில் ஒரு சிக்கல் இருப்பது எனக்கும் தெரியும். தமிழ்நாட்டு வேதியியலில் அது ஒட்சியேற்றத்துக்கு நேர்மாறான வினைக்குப் பெயர். நாங்கள் அதைத் தாழ்த்தல் என்பதால் இங்கே இடிக்காது. எங்களுக்கு ஒடுக்கம் என்றால் ஒடுக்கமான ஒழுங்கைதான், அதாவது குறுகலான சந்துதான், நினைவுக்கு வரும். செவுள் என்ற சொல் முன்னால் நிற்கும்வரை அங்கேயும் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வேதியியல் படித்தவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், நீரோட்டம் கூடினால் செவுள்கள் முகத்தை நோக்கி முன்னால் வளைந்துகொள்ளும். அதற்கு இன்னும் சொல் இல்லை. 'செவுள் முன்சாய்வு' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் சாய்வு என்றால் தண்டே சரிந்தது போலத் தெரிகிறது. யாரிடமாவது நல்லது இருக்கிறதா?

கல்முனையிலிருந்து