சுண்ணாம்புப் பூச்சுக் கட்டுரை: கொத்தனார் சொன்னதையும் வீட்டுக் கணக்கையும் எப்படி மேற்கோள் காட்டுவது?

சுண்ணாம்பு_ஆய்வு (தேவகோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழுதுபார்க்கும் வீடுகளில் உதிர்ந்த பூச்சுத் துண்டுகளை உரிமையாளர்களின் அனுமதியோடு சேகரித்து, வேதியியல் சோதனைகள் செய்திருக்கிறேன். முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பப் போகிறேன். மேற்கோள்களை [1], [2] என்று எண் இட்டுக் காட்டச் சொல்லும் இதழ் அது. சோதனை முடிவுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முன்னுரைதான் தூங்கவிடவில்லை.

இந்தத் துறைக் கட்டுரைகளில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியம் உண்டு: “செட்டிநாட்டு வீடுகளின் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கப்பட்டதால் அது நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கிறது.” அதன் பின்னால் நான்கைந்து எண்கள் வரிசையாக நிற்கும். நானும் அப்படி எழுதலாம் என்று உடன் ஆய்வு செய்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எண்களுக்குரிய கட்டுரைகளைத் தேடி எடுத்துப் படித்தால், ஒன்று மற்றொன்றைக் காட்டுகிறது, அது சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு துண்டறிக்கையில் போய் முடிகிறது. இன்னொன்று சீனாவின் பசையரிசிச் சாந்தைப் பற்றியது. பூச்சை எடுத்துச் சோதித்துப் பார்த்த கட்டுரை என் கையில் இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.

இரண்டாவது சிக்கல் எங்கள் ஊர்ப் பெரிய கொத்தனார். வயது எழுபதுக்கு மேல். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீரை எந்தப் பூச்சில் சேர்க்க வேண்டும், கடைசிப் பூச்சை எந்தப் பதத்தில் தேய்த்து மெருகேற்ற வேண்டும் என்று அவர் சொன்னதை வைத்துத்தான் என் மாதிரிகளை அடுக்கு அடுக்காகப் பிரித்தேன். “உள்ளூர் மக்களின் கூற்றுப்படி” என்று எழுதிவிட்டு நகரச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, ஒரு குடும்பத்தார் காட்டிய வீடு கட்டிய கணக்கு நோட்டு. சுக்கில வருடம் தை மாதம் என்று தேதியிட்ட பக்கத்தில் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை மூன்றும் வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. அது எந்த நூலகத்திலும் இல்லை, வீட்டு அலமாரியில் இருக்கிறது. வாசகர் போய்ப் பார்க்க முடியாத ஒன்றை மேற்கோள் காட்டலாமா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வேதியியல்_ஆசிரியர் (காரைக்குடி)

அம்மா, எண்களைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். மேற்கோள் என்றால் காற்புள்ளியும் சாய்வெழுத்தும் சரியாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதை இதழின் வழிகாட்டி சொல்லிவிடும். இந்த வாக்கியத்துக்கு யார் பொறுப்பு என்பதை எந்த வழிகாட்டியும் சொல்லித் தராது. நம் பக்கத்துப் பழைய பேரேட்டில் யார் பற்று, யார் வரவு என்று பெயர் இல்லாத வரி இருக்காது. கட்டுரையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வாக்கியத்தை உடைத்துப் பாருங்கள். அதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. பூச்சில் வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்பது ஒன்று. பூச்சு நூறாண்டு நிற்கிறது என்பது இரண்டு. முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்பது மூன்று. முதலாவதற்கு உங்கள் கணக்கு நோட்டும் கொத்தனாரின் சொல்லும் சான்றாகலாம். இரண்டாவதற்குக் கட்டிய ஆண்டு தெரிந்த ஒரு வீடு வேண்டும். மூன்றாவதுதான் பெரிய கூற்று. வெள்ளைக்கரு சேர்த்த பூச்சையும் சேர்க்காத பூச்சையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட்டவர்தான் அதைச் சொல்ல முடியும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டி, கடைசியில் எண்களைக் கொத்தாக வைத்தால், எந்த எண் எந்தக் கூற்றைத் தாங்குகிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே எண்ணை வாக்கியத்தின் முடிவில் வைக்காமல், அது தாங்கும் கூற்றை ஒட்டியே வையுங்கள்.

பசையரிசிக் கட்டுரை எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 2010இல் ‘அக்கவுண்ட்ஸ் ஆஃப் கெமிக்கல் ரிசர்ச்’ இதழில் வந்தது. நல்ல கட்டுரை. அரிசியிலுள்ள அமைலோபெக்டின், கால்சியம் கார்பனேட் படிகங்கள் பெரிதாக வளராமல் தடுத்துச் சாந்தை நெருக்கமாக்குகிறது என்பது அதன் முடிவு. அமைலோபெக்டின் மாவுச்சத்து, வெள்ளைக்கரு புரதம். “கரிமப் பொருள் சேர்த்தால் சுண்ணாம்புச் சாந்தின் நுண்ணமைப்பு மாறக்கூடும், பசையரிசியில் இது காட்டப்பட்டிருக்கிறது” என்று எழுதி அதை மேற்கோள் காட்டுங்கள், சரியாக இருக்கும். முட்டைக்குச் சாட்சியாக அதை நிறுத்தக் கூடாது.

இப்படி நிபந்தனையை உதிர்த்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துப் போவதால் என்ன கேடு வரும் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1980இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றபோது ஓபியாய்டு (அபின் வகை) வலிநீக்கிகள் கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், நான்கு பேர் மட்டுமே அவற்றுக்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்பது செய்தி. இந்தக் கடிதத்தை எடுத்தாண்டவர்களைப் பற்றி 2017இல் அதே இதழில் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 608 மேற்கோள்கள். நூற்றுக்கு 72 பங்கு, அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை நூற்றுக்கு 80 பங்குக்கும் மேல் சொல்லவே இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கு அந்தக் கடிதம் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் வட அமெரிக்காவில் ஓபியாய்டு நெருக்கடி வளர்ந்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு என்று 2017 ஆய்வு எழுதியது. கடிதம் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அதை எடுத்தாண்டவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள்.

நம் ஊரில் மின்வேதியியல் படித்தவர்களுக்குப் புரியும்படி இன்னொன்று சொல்கிறேன். கான்கிரீட்டில் உள்ள இரும்பு அரிக்கும் வேகத்தைக் கணக்கிட 26 மில்லிவோல்ட் என்ற மாறிலியைப் போடுவார்கள். அதற்கு 1957ஆம் ஆண்டின் ஸ்டெர்ன்–கியரி கட்டுரையைக் காட்டுவதுண்டு. சமன்பாடு அவர்களுடையதுதான். ஆனால் கான்கிரீட்டில் தீவிரமாக அரிக்கும் இரும்புக்கு 26, செயலடங்கிய (அரிப்பு ஏறக்குறைய நின்றுவிட்ட) இரும்புக்கு 52 என்று வழங்கும் மதிப்புகளுக்கு 1978இல் ஆண்ட்ரேடும் கோன்சாலெஸும் எழுதிய கட்டுரையைத்தான் காட்ட வேண்டும். சமன்பாட்டுக்கு ஒருவர், எண்ணுக்கு வேறு ஒருவர். இரண்டு இடத்தில் இரண்டு மேற்கோள்.

மூலம் கிடைக்கவில்லை என்றால், படித்த கட்டுரையை மட்டும் பட்டியலில் போட்டு, “இன்னார் கூறியதாக இன்னார் எடுத்தாண்டது” என்று உள்ளபடியே எழுதுங்கள். படிக்காததைப் படித்ததுபோலப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

ஒரு கேள்வி. உங்கள் சோதனையில் முட்டை தெரிகிறதா?

சுண்ணாம்பு_ஆய்வு (தேவகோட்டை)

ஐயா, மிக்க நன்றி. கடைசிப் பூச்சு அடுக்கின் அகச்சிவப்பு நிறமாலையில் 1650, 1550 அலை எண்களுக்கு (செ.மீ⁻¹) அருகே புரதத்துக்குரிய பட்டைகள் வருகின்றன. அடிப்பூச்சில் இல்லை. அதை முட்டை என்று எழுதலாமா?

பழைய_வேதியியல்_ஆசிரியர் (காரைக்குடி)

எழுதக் கூடாது அம்மா. அந்தப் பட்டைகள் புரதம் என்றுதான் சொல்லும். பால், தயிர், விலங்குப் பசை எல்லாமே அங்கேதான் வரும். 1640க்கு அருகே தண்ணீரும் வந்து குழப்பும் என்பதால் 1550ஐயும் சேர்த்துப் பார்த்தது நல்லது. எந்தப் புரதம் என்று பிரித்தறிய நிறை நிறமாலையோ, எதிர்ப்புரத (ஆன்டிபாடி) சோதனையோ வேண்டும். “புரதம் இருப்பதற்கான அடையாளம்” என்பது உங்கள் சொந்த முடிவு, அதற்கு உங்கள் படமே சான்று. “அது முட்டையாக இருக்கலாம்” என்பதற்குத்தான் நோட்டும் கொத்தனாரும் வருகிறார்கள்.

நூலகத்து_ஆச்சி (கோட்டையூர்)

கண்ணு, கணக்கு நோட்டைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். வீட்டு அலமாரியில் இருப்பதால் அதன் மதிப்பு குறையாது. வரலாற்று ஆய்வாளர்கள் தனியார் சேகரிப்புகளை எப்போதும் எடுத்தாளுகிறார்கள். ஆவணத்தின் வகை, எழுதிய காலம், பக்கம், யாரிடம் இருக்கிறது, எந்த ஊர், நீ பார்த்த நாள் ஆகியவற்றை எழுதினால் போதும். குடும்பப் பெயரை வெளியிட விருப்பமில்லை என்றால் “தனியார் சேகரிப்பு, பள்ளத்தூர்” என்று போட்டுக்கொள். அனுமதியை எழுத்தில் வாங்கி வை. அந்தப் பக்கத்தின் படத்தைக் கட்டுரையின் இணைப்பாகக் கொடுத்தால், போய்ப் பார்க்க முடியாத குறை பெரும்பாலும் தீரும்.

தேதியில் கவனம் வேண்டும். தமிழ் வருடங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. சுக்கில 1929 ஏப்ரலிலும் தொடங்கியது, 1869 ஏப்ரலிலும் தொடங்கியது. தை மாதம் என்றால் 1930 ஜனவரி–பிப்ரவரி, இல்லையென்றால் 1870. அறுபது ஆண்டு வித்தியாசத்தில் உன் கட்டுரையே தலைகீழாகிவிடும். நோட்டில் வேறு எங்காவது ஆங்கிலத் தேதி, முத்திரைத் தாள், ரயில் வாடகை, சிமெண்ட் வாங்கிய வரி என்று ஏதாவது இருக்கிறதா பார். நோட்டில் உள்ளபடி தமிழ்த் தேதியை முதலில் கொடுத்து, நீ கணித்த ஆங்கில ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடு. எதை வைத்துக் கணித்தாய் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு.

குடும்பத்தார் இசைந்தால் ஒளிநகலை ஒரு நூலகத்தில் சேர்க்கச் சொல். எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் வீட்டில் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்தில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதனால்தான் உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அவற்றைக் குறிப்பிட்டு எழுத முடிகிறது. எத்தனையோ வீடுகளில் இத்தகைய காகிதங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போனதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

கொத்தனாரைப் பற்றி இரண்டு வார்த்தை. “உள்ளூர் மக்கள்” என்று எழுதாதே. ஐம்பது ஆண்டு கரணை பிடித்த மனிதரின் அறிவு அது. அவர் சொன்னது உன் ஆய்வு முறையையே தீர்மானித்திருக்கிறது என்றால், அதை நேர்காணல் என்று ஆய்வுமுறைப் பகுதியிலேயே எழுது: எந்த நாள், எந்த ஊர், என்ன கேட்டாய், பதிவு எங்கே இருக்கிறது. பெயர் போடலாமா என்று அவரிடமே கேள். சம்மதித்தால் முழுப் பெயரையும் தொழிலையும் போடு. உன் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள். சிலர் கடைசியில் நன்றியுரையில் பெயரைச் சேர்த்தால் போதும் என்பார்கள். நன்றியுரை எந்த வாக்கியத்தோடும் ஒட்டாது. அடுக்குகளைப் பிரித்த முறை அவருடையது என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

மென்பொருள்_தம்பி (புதுவயல்)

அக்கா, பட்டியல் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். மேற்கோள் பட்டியலைத் தொகுக்கும் ஸொட்டேரோ என்ற மென்பொருள் இலவசம், அதுவே போதும். ஆனால் நம் பக்கத்துப் பெயர்களை அது குதறிவிடும். ராம. அழகப்பச் செட்டியார் என்ற பெயரில் ‘ராம.’ தலைப்பெழுத்து. அது தகப்பனார் பெயரைக் குறிப்பது. மென்பொருள் செட்டியார் என்பதைக் குடும்பப் பெயராக்கி, மற்றதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி ஸொட்டேரோவில் இருக்கிறது. பிப்டெக் என்ற மேற்கோள் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தினால் பெயரை இரட்டை வளைவு அடைப்புக்குள் போடுங்கள், அப்படியே நிற்கும். உங்களுக்கு ஓர்சிட் எண் (ஆய்வாளரைத் தனியே அடையாளம் காட்டும் எண்) இல்லை என்றால் கட்டுரை அனுப்பும் முன் வாங்கிவிடுங்கள். உங்கள் பெயருக்கும் இதே கதி வரும்.

10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்) ஸொட்டேரோவில் கொடுத்தால் விவரங்கள் தாமாக நிரம்பும். நிரம்பியதைக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிறர் பட்டியலிலிருந்து நகலெடுக்கவே வேண்டாம். 2003இல் சிம்கின், ராய்சௌத்ரி இருவரும் புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரைக்கான சுமார் 4,300 மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். 196 இடங்களில் அச்சுப்பிழை. அவற்றில் தனித்தனியான பிழைகள் 45 மட்டுமே. மற்றவை அதே பிழை திரும்பத் திரும்ப வந்தவை. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தவறான பக்க எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பட்டியலில், யாருமே எழுதாத கட்டுரைகள்கூட இருக்கலாம், அதையும் தொடாதீர்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஸொட்டேரோவும் அத்தகைய கட்டுரைகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. முறைப்படி மேற்கோள் காட்டிய பகுதிகளும் மேற்கோள் பட்டியலும் அந்தக் கணக்கில் வராது. பத்துக்குக் கீழே இருப்பதாலேயே மேற்கோள்கள் சரி என்று ஆகிவிடாது. கருத்தை எடுத்துச் சொற்களை மாற்றினால் மென்பொருளுக்குத் தெரியாது.

சுண்ணாம்பு_ஆய்வு (தேவகோட்டை)

ஐயா, ஆச்சி, தம்பி, மூவருக்கும் நன்றி. நோட்டைத் திரும்பப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றில் 1930 என்று ஆங்கிலத்தில் எழுதிய ரசீது ஒட்டியிருக்கிறது. கொத்தனார் தன் பெயரைப் போடச் சொல்லிவிட்டார், தன் ஆசானின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்கிறார். வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“பல வீடுகளின் கடைசிப் பூச்சு அடுக்கில் புரதத்தின் அடையாளம் காணப்பட்டது (படம் 3). பள்ளத்தூர் வீடொன்றின் கட்டுமானக் கணக்கில் சுக்கில வருடம் தை மாதம் [1930] முட்டை வாங்கிய செலவு பதிவாகியுள்ளது [4]. கடைசிப் பூச்சில் வெள்ளைக்கரு சேர்க்கும் வழக்கத்தைக் கொத்தனாரும் நேர்காணலில் விவரித்தார் (பகுதி 2.1). பூச்சின் உறுதிக்கு இதன் பங்கு இனிமேல்தான் சோதிக்கப்பட வேண்டும்.”

பழைய_வேதியியல்_ஆசிரியர் (காரைக்குடி)

மிக நன்று. ‘பல வீடுகள்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு, எத்தனை வீடுகளில் மாதிரி எடுத்தீர்கள், அவற்றில் எத்தனையில் பட்டைகள் தெரிந்தன என்ற இரண்டு எண்களையும் போடுங்கள். ஆசானின் பெயரை ஆய்வுமுறைப் பகுதியில், கொத்தனார் தொழில் கற்ற விவரத்தோடு சேர்த்து எழுதலாம். கணக்கு நோட்டு எந்த வீட்டுடையதோ அந்த வீட்டின் பூச்சு உங்கள் மாதிரிகளில் இருக்கிறதா? இல்லையென்றால், அனுப்பும் முன் அந்த வீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சோதித்துவிடுங்கள்.