மறு: மேட்ரிக்ஸ் எண்ணுக்குத் தமிழ்: "அணி எண்" வேண்டாமே

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாள் மடல் பார்க்கவில்லை, அதற்குள் இழை இவ்வளவு நீண்டுவிட்டது. பழைய ஜாஸ் இசைத்தட்டுகளின் வெளிநாட்டு வெளியீடுகளைப் பட்டியல் போடுகிறேன், தட்டில் பொறித்திருக்கும் 'மேட்ரிக்ஸ் எண்'ணுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டது நான்தான் என்பதால் எல்லாருக்கும் ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> மேட்ரிக்ஸ் என்றால் அணி. பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே அணி எண்.

கணக்குக்குச் சரிதான் ஐயா. ஆனால் இசைத்தட்டில் நிரையும் இல்லை, நிரலும் இல்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கருப்பை என்று பொருள், அதிலிருந்துதான் உலோக எழுத்து வார்ப்பவர்கள் எழுத்துக் குழிக்கு அந்தப் பெயரை எடுத்தார்கள். தட்டுக்காரர்கள் சொல்வதும் அந்தப் பொருளில்தான். முதலில் ஊசி, லாக்கர் என்ற மென்பூச்சுப் பூசிய ஒரு தட்டில் பள்ளம் வெட்டும். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் ஏற்றிப் பிரித்தால் பள்ளம் மேடாக மாறிய ஓர் உலோகத் தகடு வரும். அதிலிருந்து 'தாய்', தாயிலிருந்து தட்டை அழுத்துகிற தகடு. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் வழவழவென்று ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே கீறியோ முத்திரையாகவோ இருக்கும் எண், இந்தப் பரம்பரையில் எந்த வெட்டிலிருந்து உங்கள் தட்டு பிறந்தது என்று சொல்கிற எண். (அந்த வளையத்துக்கு "செத்த மெழுகு" என்று எழுதியிருந்த நண்பருக்கு: ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், தெரியும், ஆனாலும் வேண்டாம். 'உள்வளையம்' போதும்.)

அதனால் என் முன்மொழிவு 'கரு எண்'. நம் பக்கத்தில் பாத்திரம் வார்ப்பவர்கள் அச்சைக் 'கரு' என்றும், அச்சுக் கட்டுவதைக் 'கருக்கட்டுவது' என்றும் சொல்வது உண்டு. கருப்பைக்கும் வார்ப்பு அச்சுக்கும் ஒரே சொல் லத்தீனில் இருப்பதுபோல் நம்மிடமும் 'கரு' இருக்கும்போது, கணக்கு வாத்தியாரிடம் போய்க் கடன் வாங்குவானேன்?

> கருவெண் என்று சேர்த்து எழுதினால் கறுப்பு-வெள்ளை போல இருக்கிறது.

இருக்கிறது, நானும் சிரித்தேன். பிரித்தே எழுதுவோம், 'கரு எண்'. 'அணு எண்' என்று பிரித்து எழுதுவது பழகிவிடவில்லையா?

அடுத்து இதைவிட முக்கியமானது. 'வெளியீடு', 'பதிப்பு', 'அச்சு' மூன்றையும் இழையில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம். 'பிரெஸ்ஸிங்' என்பதற்கு ஒருவர் "ஜப்பானிய அழுத்தம்" என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு மாத்திரை ஞாபகம்தான் வந்தது. இங்கே நமக்குப் புத்தக உலகமே வழி காட்டுகிறது, முதல் பதிப்பு வேறு, மூன்றாம் அச்சு வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாததற்கு 'அச்சு' என்பது நமக்குக் காகிதம் மட்டும் இல்லை. அச்சு வெல்லம், அச்சு முறுக்கு எல்லாம் அச்சுதான், தட்டும் அப்படித்தான் பிறக்கிறது. ஆக 'ஜப்பான் அச்சு', 'இங்கிலாந்து அச்சு'.

ஆனால் கருவும் அச்சும் ஒன்றில்லை. அமெரிக்க ஜாஸ் நிறுவனமான புளூ நோட்டின் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஒலிப்பதிவு செய்து லாக்கர் வெட்டியவர் ரூடி வான் கெல்டர். 1959 வரை நியூஜெர்சியில் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில், அதன்பின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில். உள்வளையத்தில் ஆர்விஜி என்று அவர் குறி இருக்கும். தட்டை அழுத்திய பிளாஸ்டிலைட் ஆலையின் குறி வேறு, ஆங்கில 'பி'யைச் சாய்த்து எழுதியது, சேகரிப்பாளர்கள் அதைக் 'காது' என்பார்கள். 1966-இல் புளூ நோட், லிபர்ட்டி நிறுவனத்துக்குக் கைமாறியது. அதன்பின் வேறு ஆலையில் போட்ட தட்டுகளிலும் ஆர்விஜி இருக்கிறது, காது இல்லை. கரு அதே, அச்சு வேறு! நானே ஒரு தடவை இணையத்தில் 'அசல்' என்ற சொல்லை நம்பி ஒன்று வாங்கி ஏமாந்தேன், உள்வளையத்தின் படத்தை முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது காதை எனக்கு அடையாளம் தெரியாது, 9 என்று நினைத்திருப்பேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் லண்டனின் எஸ்கொயர் நிறுவனம். அவர்கள் அமெரிக்க பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் இசையைத் தங்கள் பெயரில், தங்கள் பட்டியல் எண்ணில், பல சமயம் வேறு உறையில் வெளியிட்டார்கள். மேலே பார்த்தால் முழுக்க முழுக்க ஆங்கிலேயத் தட்டு. உள்வளையத்தைச் சாய்த்துப் பிடித்தால் சிலவற்றில் அங்கேயும் ஆர்விஜி, ஏனென்றால் உலோகத் தகடு அமெரிக்காவிலிருந்து வந்தது. வெளியீடு இங்கிலாந்து, அச்சு இங்கிலாந்து, கரு நியூஜெர்சி. இப்போது சொல்லுங்கள், மூன்றுக்கும் 'பதிப்பு' என்று ஒரே சொல்லைப் போட்டால் இந்த வரியை எப்படி எழுதுவது? 1970களின் பிற்பகுதியில் கிங் நிறுவனம் புளூ நோட்டை ஜப்பானில் வெளியிட்டபோது ஒலிநாடாவிலிருந்து அங்கேயே புதிதாக வெட்டிக்கொண்டது, அதில் வெளியீடு, அச்சு, கரு எல்லாமே ஜப்பான்.

> பெயர் ஒன்றாக இருந்தால் நிறுவனம் ஒன்றுதானே, நாட்டை மட்டும் குறித்தால் போதாதா?

போதாது. கொலம்பியாவையே பாருங்கள். அந்தப் பெயர் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்துடையதாக இருந்தது, இங்கிலாந்தில் இஎம்ஐ என்ற வேறு நிறுவனத்துடையதாக இருந்தது. அதனால் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டு 1959-இல் அமெரிக்காவில் கொலம்பியா சிஎல் 1355, இங்கிலாந்திலோ ஃபான்டானா டிஎஃப்எல் 5072. லண்டன் ரெண்டல்–கார் குழுவின் தட்டில் கொலம்பியா என்று இருக்கிறதே என்று அமெரிக்கப் பட்டியலில் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அது இஎம்ஐ.

இஎம்ஐ என்றதும் ஒன்று. அவர்களுடைய உள்வளையத்தில் கரு எண்ணைத் தவிர, இடப்பக்கம் எத்தனையாவது தாய் என்று ஓர் எண்ணும், வலப்பக்கம் எத்தனையாவது அழுத்துதகடு என்று எழுத்தும் இருக்கும். எழுத்துக்கு எண் மதிப்பு 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கத்திலிருந்து வருகிறது: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8, டி 9, கடைசி டி 0. ஆக 'ஆர்ஏ' என்றால் 23-ஆவது தகடு. க, உ, ங என்று எண்ணிய நமக்கு இது புதிதா என்ன! சிறிய எண் இருந்தால் தகடு தேயுமுன் அழுத்தியது என்று விலையை ஏற்றுகிறார்கள், காதால் கேட்டு வித்தியாசம் சொல்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தட்டின் அளவுக்கும் சுற்று வேகத்துக்கும் சேர்த்து 'வடிவமைப்பு' என்று ஒருவர் சொன்னார். அது உறை வரைகிறவர் வேலை. நான் 'தட்டுவகை' என்று போடுகிறேன். இதுவும் ஏன் தனியாக வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பாரிஸில் இருக்கிறது. 1957 டிசம்பரில் லூயி மால் இயக்கிய 'அசான்சர் பூர் லெஷாஃபோ' படத்துக்காக மைல்ஸ், பார்னி விலென், ரெனே உர்ட்ரெஜே, பியர் மிஷெலோ, கென்னி கிளார்க் ஐந்து பேரும் திரையில் காட்சி ஓட ஓட வாசித்தார்கள். பிரான்சில் அது 10 அங்குல ஃபான்டானா தட்டாக வந்தது. அமெரிக்காவில் கொலம்பியா அதை 1959-இல் 'ஜாஸ் டிராக்' என்ற 12 அங்குலத் தட்டின் ஒரே பக்கத்தில் அடைத்துவிட்டு, மறுபக்கத்தில் 1958 மே மாதம் நியூயார்க்கில் பதிவான வேறு குழுவின் வாசிப்பைப் போட்டது. அமெரிக்கத் தட்டை வைத்திருப்பவர் அது ஒரே தொகுப்பு என்று நம்புவார், பிரெஞ்சுத் தட்டைப் பார்த்தவர் பாதி காணோமே என்று கேட்கமாட்டார். இந்த ஒரு கேஸுக்காகவே பட்டியலில் பக்கத்துக்கு ஒரு வரி வைத்திருக்கிறேன், தட்டுக்கு ஒரு வரி இல்லை. கரு எண்ணும் பக்கத்துக்கு ஒன்றுதான் என்பதால் அது பொருந்தியும் போகிறது.

இன்னொரு அடுக்கும் இருக்கிறது, கரு வெட்டுவதற்கு முன் வாசிப்பு பதிவான நாடா. அதற்கு 'மூலநாடா' என்று ஏற்கனவே சொன்னதை யாரும் மறுக்கவில்லை. 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் பக்கம் பதிவானபோது நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், கேட்கும்போது சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். கருவை மாற்றி மாற்றி வெட்டியும் போகாத குறை, நாடாவில் இருந்தது.

சரி, பட்டியலில் ஒரு வரி இப்படி வரும்: "வெளியீடு: எஸ்கொயர், இங்கிலாந்து. தட்டுவகை: 12 அங்குலம், 33⅓ சுற்று. அச்சு: இங்கிலாந்து. கரு: அமெரிக்கா, ஆர்விஜி முத்திரையுடன்." படித்ததும் புரிகிறதா என்று ஜாஸ் கேட்காத யாராவது சொன்னால் நல்லது.

அப்புறம் ஜப்பான் தட்டின் உறையைச் சுற்றி வரும் காகிதப் பட்டை. அங்கே 'ஓபி' என்பது கிமோனோவில் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. 'கச்சை' என்று எழுதிவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று மாலை பட்டியலை ஏற்றுகிறேன்.