ரோமை வரைந்த அமெரிக்கர்கள்: தாமஸ் கோலா, சை டுவோம்ப்ளியா?

மருதன்:
அமெரிக்க ஓவியர்களுள் பண்டைய ரோமை ஆழமாக உணர்ந்தவர் தாமஸ் கோல் என்பேன். 1832இல் அந்நகரில் தங்கி இடிபாடுகளை வரைந்த அவர், நியூயார்க் திரும்பியபின் 1836க்குள் தீட்டி முடித்த ‘பேரரசின் போக்கு’ என்னும் ஐந்து ஓவியங்களில், ஒரே துறைமுகம் காடாகவும் மேய்ச்சல் நிலமாகவும் பளிங்கு மாநகராகவும் எரியும் போர்க்களமாகவும் கொடி படர்ந்த தனித்தூணாகவும் மாறுவதைக் காட்டினார். பின்னணி மலையின் உச்சிப் பாறை மட்டும் ஐந்திலும் அப்படியே நிற்கிறது.

கயல்விழி:
அந்தத் துறைமுகம் ரோம் அன்று; கற்பனை நகரம். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து அமெரிக்கா எங்கே போய் முடியுமோ என்ற கோலின் கலக்கமே அங்கே ரோமானிய உடை உடுத்தி நிற்கிறது. சை டுவோம்ப்ளியோ 1957இல் ரோமில் குடியேறி, 2011இல் அங்கேயே மறைந்தவர். எழுதியும் அழித்தும் மேலே பூசியும் அவர் உருவாக்கிய பரப்புகளில், நூற்றாண்டுகளாகப் பலர் கீறிவிட்டுப் போன பழஞ்சுவரின் தன்மை இருக்கிறது. தூணை வரையாமலே ரோமை வரைந்தவர் அவர்.

மருதன்:
கிறுக்கலுக்குப் பேரரசர் பெயரைச் சூட்டினால் அது வரலாறு ஆகிவிடுமா? ரோமப் பேரரசர் கொமோடஸ் பற்றி 1963இல் அவர் வரைந்த ஒன்பது ஓவியங்களும் மறு ஆண்டு நியூயார்க்கில் காட்சிக்கு வந்தபோது சிற்பியும் விமர்சகருமான டொனால்ட் ஜட் கடுமையாக நிராகரித்தாரே. தலைப்பை மறைத்துவிட்டுப் பாருங்கள், அவற்றில் கொமோடஸ் எங்கே இருக்கிறார்?

கயல்விழி:
அலங்காரமற்ற வடிவங்களையே நாடிய ஜட்டுக்கு அவை பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. அந்தத் தொடர் இன்று பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாம்பல் நிறப் பரப்பில் வெள்ளையும் சிவப்பும் கட்டிகட்டியாகத் திரண்டு வழிவதைப் பார்ப்பவருக்கு, கி.பி. 192இல் கொலையுண்ட ஓர் அரசனின் வெறி விளங்க முகம் தேவையில்லை. தலைப்பின் துணை கோலுக்கும்தான் வேண்டியிருந்தது.

இளவேனில்:
இருவரும் ஃபிலிப் கஸ்டனை விட்டுவிட்டீர்கள். முகமூடி மனிதர்களை வரைந்து 1970இல் நியூயார்க் விமர்சகர்களின் ஏளனத்துக்கு ஆளான பின் ரோமுக்குச் சென்ற அவர், சிதைந்த கற்களையும் கத்தரித்த தோட்ட மரங்களையும் இளஞ்சிவப்பில், எந்த நீதியும் சொல்லாமல் வரைந்தார்.

மருதன்:
நீதி சொல்லாததே சிறப்பென்றால் சுற்றுலா வரைபடமும் சிறந்த ஓவியம்தான். சிறைப்பட்டவர்களை இழுத்துச் சென்ற வெற்றி ஊர்வலங்களால் எழுந்து, அந்த வெற்றிகளாலேயே அழுகிய நகரத்தை வரைபவர் அதைப் பற்றி ஒரு தீர்ப்பும் தராமல் நகர்ந்துவிட முடியுமா? கோல் தந்தார், அதனால்தான் அவரை முதலில் வைக்கிறேன்.