ஜூன் 5-ல் நட்ட கன்றுக்கு யார் தண்ணி ஊத்துறது? கம்பெனித் தன்னார்வலர் தினம் வேணுமா, வேண்டாமா

வேலிப்பருத்தி:
கம்பெனிகள் ஊழியர்களைச் சமூகப் பணிக்கு அனுப்பும் ஒருநாள் கூத்தைப் பற்றித்தான் இந்த இழை. ஒரு பஸ், நாற்பது டி-ஷர்ட், ஒரு பேனர், மதியம் பிரியாணி. இதை முன்னின்று நடத்தும் எங்களைப் போன்ற தொண்டு நிறுவனத்துக்கு வரவைவிடச் செலவே அதிகம், இனி முடியாது என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5-ல் கன்று நடுகிறார்கள். கொச்சியிலும் மும்பையிலும் அது மழை இறங்கும் காலம், நடலாம். நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்தே ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். பெருமழைக்கு அக்டோபர் பாதி தாண்ட வேண்டும். கன்றுக்கு 10 லிட்டர், ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால் 100 கன்றுக்கு ஒரு தடவைக்கு 1,000 லிட்டர். மழை வரும்வரை ஏறக்குறைய 65 தடவை, ஆக 65,000 லிட்டர். கம்பெனி கொடுப்பது கன்றின் விலை மட்டும். லாரித் தண்ணிக்கும் ஊற்றும் ஆளுக்கும் யார் கொடுப்பது?

ஓஎம்ஆர்வாசி:
சார், தேதி தப்புன்னா தேதியை மாத்துங்க. திட்டத்தையே ஏன் மூடணும்? ஜூலை, ஆகஸ்ட்ல சாயங்கால இடிமழை சென்னைக்கும் உண்டு, 65 தடவைங்கிறது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கணக்கு.

முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவுப்படி பெரிய கம்பெனிங்க முந்தின 3 வருஷ சராசரி லாபத்துல 2%-ஐச் சமூகப் பணிக்குச் செலவு பண்றாங்க, அதான் சி.எஸ்.ஆர். அது எங்க போகுதுன்னு உள்ள வேலை பாக்குறவங்களுக்கே தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தை நேர்ல பாத்தவர்தான் அடுத்த வருஷம் அதுக்காகப் பேசுவார். அந்த நாலு மணி நேர உழைப்பை மட்டும் எடை போட்டா நஷ்டம்தான், ஆனா அது விதைநெல். தவிர, அந்த நேரத்துக்கான சம்பளத்தையும் சி.எஸ்.ஆர். செலவுல காட்டிக்கலாமே?

கணக்குப்பிள்ளை:
கடைசி வரி தப்பு. சம்பளத்தைச் சேர்க்கலாம் என்றது ஜூன் 2014 சுற்றறிக்கை. அது இப்போது செல்லாது. ஆகஸ்ட் 2021-ல் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி-பதிலில், ஊழியரின் உழைப்பை ரூபாயாக்கி சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது என்று இருக்கிறது. ஊழியர்களை ஈடுபடுத்துங்கள் என்றும் அதே பதில் சொல்கிறது, கணக்கில் மட்டும் வராது. நிர்வாகச் செலவுக்கும் சி.எஸ்.ஆர். செலவில் 5% என்று உச்சவரம்பு உண்டு. ஆகவே பஸ், பிரியாணி, டி-ஷர்ட் எல்லாம் ஹெச்.ஆர். (ஊழியர் நலனைப் பார்க்கும் பிரிவு) பட்ஜெட்டில் போக வேண்டியவை. அவற்றைத் தொண்டு நிறுவனத்தின் பில்லில் ‘திட்டச் செலவு’ என்று சொருகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் தலையில்தான் விடியும்.

சுண்ணாம்புச்சட்டி:
மரம்கூடப் பரவால்ல, பெயிண்டைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே.

பழைய அரசுப் பள்ளிச் சுவர்ல வருஷக்கணக்கா அடிச்ச சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கும். கையால தேச்சுப் பாருங்க. வெள்ளையா ஒட்டுதா? அப்ப அதுமேல எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கிற பெயிண்ட்) நிக்காது. காய்ஞ்சு இறுகும்போது அடியில இருக்கிற சுண்ணாம்பையும் சேத்து இழுத்துக்கும், ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி உரியும். தகடு வெச்சுச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர்ங்கிற அடிப்பூச்சு அடிக்கணும். அது காய 6-8 மணி நேரம். அப்புறம் ரெண்டு கோட், நடுவுல 4 மணி நேரம் இடைவெளி. பத்து மணிக்கு வந்து மூணு மணிக்கு பஸ் ஏறுறவங்களால ஆகுற காரியமா இது? சுவரோட அடிப்பக்கம் உப்பு பூத்திருந்தா, ஈரம் எங்கேருந்து ஏறுதுன்னு பாத்து அடைக்காம எந்தப் பெயிண்டும் தண்டம்.

20-க்கு 20 வகுப்பறை, 10 அடி உயரம்னா நாலு சுவரும் 800 சதுர அடி. கதவு ஜன்னல் போக 700. லிட்டருக்கு ஒரு கோட் 100-120 சதுர அடி வரும், ரெண்டு கோட்டுக்கு 12-14 லிட்டர் வேணும். அந்த ரூம்ல எட்டுப் பேருக்கு மேல நின்னா ஒருத்தர் பிரஷ் இன்னொருத்தர் முதுகுல. நாற்பது பேரை விட்டா மறுநாள் தரையைச் சுரண்டத் தனி ஆள் போடணும்.

ஓஎம்ஆர்வாசி:
அண்ணே, அதுக்கும் வழி இருக்கே. முதல் மூணு நாள் பெயிண்டர் சுரண்டி, பிரைமரும் முதல் கோட்டும் முடிச்சு வைக்கட்டும். ரூமுக்கு எட்டுப் பேர்னு அஞ்சு ரூமுக்குப் பிரிச்சுவிட்டு, 5 அடிக்குக் கீழ கடைசி கோட்டை மட்டும் இவங்க அடிக்கட்டும். ஏணி ஏறுற வேலை பெயிண்டருக்கே.

வேலிப்பருத்தி:
அப்போ வேலை பெயிண்டருடையது, போட்டோ உங்களுடையது. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

போட்டோ என்றதும் இன்னொன்று. காப்பகங்களுக்குப் போய்க் குழந்தைகளோடு செல்ஃபி எடுத்து அன்றைக்கே லிங்க்ட்இனில் ஏற்றுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74-வது பிரிவு அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாசலிலேயே போனை வாங்கி வைக்கும் காப்பகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

பிரெய்ல்தோழி:
வேலிப்பருத்தி ஐயா, கூட்டமாகப் போனால்தான் இத்தனை தொல்லை. பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கு ஸ்கிரைப் (அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதுபவர்) கிடைக்காமல் போவது பெரும்பாலும் வார நாள் காலைத் தேர்வுக்குத்தான். அந்த நேரத்தில் மற்ற தன்னார்வலர்கள் ஆபீஸில் இருப்பார்கள். சம்பளத்தோடு விடுப்பு தரும் கம்பெனியால்தான் அங்கே ஆளனுப்ப முடியும்.

ஆனால் விதியைப் பார்த்து அனுப்ப வேண்டும். 2018 மத்திய அரசு நெறிமுறைப்படி, தேர்வர் தானே கூட்டிவரும் ஸ்கிரைப்பின் படிப்பு தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றிருந்தது; இப்போதைய விதியைத் தேர்வு நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பி.இ. முடித்தவரை பி.ஏ. தேர்வுக்கு அனுப்பினால் ஹாலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், மாணவிக்கு அந்தப் பேப்பர் போச்சு. அலுவலகத்தில் பிளஸ் டூ முடித்த உதவியாளர்கள் இருப்பார்களே, அவர்களையும் பட்டியலில் சேருங்கள். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிஷம். 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரம் ஆகும். பயணமும் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு போதாது. பட்டதாரிகளுக்கும் வேலை இருக்கிறது: பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம்.

ஓஎம்ஆர்வாசி:
அருமையான வேலைங்க. சிக்கல் என்னன்னா, ஹெச்.ஆர். கேக்குறது ‘எத்தனை பேர், எத்தனை மணி நேரம்’ மட்டும்தான். பஸ்ல நாற்பது பேர் போனா 160 மணி நேரம். ஸ்கிரைப்னா ஒருத்தர், 4 மணி நேரம். இந்த அளவுகோல் மாறாதவரைக்கும் பஸ்தான் வரும்.

வேலிப்பருத்தி:
அளவுகோலை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை, நிபந்தனை போடும் அதிகாரம் இருக்கிறது. சரி, அடியோடு மறுக்க வேண்டாம் என்பதுவரை இறங்கி வருகிறேன். நடுவது செப்டம்பர் கடைசிக்குப் பிறகு. ஒன்றரை அடிக் குழியை முந்தின வாரமே நாங்கள் வெட்டி வைப்போம். பிளாஸ்டிக் பையோடு கன்றைப் புதைக்கும் கொடுமையைத் தடுக்க, பத்துப் பேருக்கு ஓர் ஆள் எங்கள் பக்கம் நிற்பார். ஒரு வருஷப் பராமரிப்புப் பணம் முன்கூட்டியே வர வேண்டும். அதுபோக ஏற்பாட்டுச் செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுவோம்.

கணக்குப்பிள்ளை:
முதல் நான்கும் சரி. ‘தலைக்கு இவ்வளவு’ பில் மட்டும் யோசித்துப் போடுங்கள். அது நன்கொடை ஆகாது, சேவைக் கட்டணம். மொத்தச் சேவை வருமானம் 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சுற்றுச்சூழல் மாதிரித் தனியாகப் பெயர் சொன்ன துறையில் இல்லாமல், வருமான வரியில் ‘பொதுநலம்’ என்ற வகையில் பதிவான அறக்கட்டளையானால் கட்டண வருமானம் மொத்த வரவில் 20% தாண்டும்போது அந்த வருஷத்து வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும். பராமரிப்புப் பணத்தைத் திட்ட ஒப்பந்தத்தில் மானியமாக வாங்குங்கள், ஏற்பாட்டுக் கட்டணத்துக்குத் தனி பில், தனி லெட்ஜர்.

ஓஎம்ஆர்வாசி:
அந்தத் தனி பில்லுக்கு எங்க பக்கம் வெண்டார் கோடு (கம்பெனி பணம் கொடுக்க உங்களைப் பதிஞ்சு தர்ற எண்) வேணும். ஜூலையிலயே விண்ணப்பிச்சாதான் செப்டம்பர் கடைசிக்குள்ள பி.ஓ. (வேலைக்கான ஆர்டர்) வரும்.