‘வரிவடிவப்பால்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸில் பெண்ணை நோக்கி எழுதும் ‘நீ’க்குத் தாங்கள் முன்வைத்த ‘மகடூஉ முன்னிலை’ அருமையான சொல். ஆனால் யாப்பிலக்கணம் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. பெண்ணொருத்தியை விளித்துச் செய்யுள் சொல்வதற்கு அதுவே பெயர். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை படித்தவர்கள் குழம்புவார்கள்.

வேறொரு தடையும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டால், பேச்சிலும் பெண்ணுக்குத் தனிச் சொல் இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. எவரை அழைத்தாலும் ஒலி ‘நேய்’தான், ஹாங்காங்கில் பலர் வாயில் அது ‘லேய்’ ஆகிவிடுகிறது. தாளில்தான் மாற்றம். வழக்கமான எழுத்தின் இடப்பக்கம் ஆளைக் குறிக்கும் இரண்டு கோடுகள் நிற்கும். பெண்ணுக்கு எழுதும்போது அவற்றை எடுத்துவிட்டு, பெண் என்ற எழுத்தின் மூன்று கோடுகளை வைக்கிறார்கள். வலப்பக்கத்து ஐந்து கோடுகளில் மாற்றமில்லை. ஆக ஏழு கோடு எட்டாகிறது. அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தால் எட்டாவது கோடு காதில் விழாது. எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பதும் இல்லை. ஹாங்காங்கில் பொது எழுத்தையே பெண்ணுக்கும் எழுதுவோர் ஏராளம். தைவானில் பெண் வடிவம் அதிகம் புழங்குகிறது.

நம் ‘வாடா’, ‘வாடி’ இதற்கு நேர்மாறு. அங்கே பால் காதிலேயே விழுந்துவிடுகிறது. ‘நீ’யோ இருதிணைக்கும் பொது.

‘எழுத்துப்பால்’ என்று நண்பர் ஒருவர் சொன்னதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் இலக்கணத்தில் எழுத்து என்றால் ஒலிவடிவும் அடங்கும். இங்கே ஒலியில் வேறுபாடே கிடையாது. ஆகவே ‘வரிவடிவப்பால்’ என்பதே என் பரிந்துரை. சொல் சற்று நீளம்தான். ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

படர்க்கைக்கும் இது பொருந்தும். ‘அவள்’ என்பதற்குத் தனி எழுத்து வேண்டும் என்று சீனக் கவிஞரும் மொழியியலாளருமான லியூ பன்னோங் 1920இல் வாதிட்டு எழுதினார். அந்த எழுத்து இன்று, பேச்சிலிருந்து வேறுபட்ட ஹாங்காங்கின் எழுத்துநடையிலும் நிலைத்துவிட்டது. அதைக் காண்டனீஸில் வாசித்தால் அவனும் ‘தா’, அவளும் ‘தா’. பேச்சில் இருவருக்கும் ‘கொய்’ ஒன்றே.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கிறித்தவ நூல்களில் இறைவனை நோக்கிய ‘நீ’க்கு வழிபாட்டுக் குறி சேர்த்து எழுதுவதும் உண்டு. அதைப் பால் என்று சொல்ல முடியாது. ‘வரிவடிவத்திணை’ என்றால், நம் மரபில் தேவரும் மக்களும் ஒரே உயர்திணையாயிற்றே. இதற்கு என்ன சொல் தரலாம், ஐயா?