சேர்த்து உருட்டிய தகடுகள்: உங்கள் அனுபவங்கள்

உருளையடி:
சம தடிமனுள்ள செம்பையும் அலுமினியத்தையும், செம்பு மேலே இருக்கும்படி அடுக்கி, இரு உருளைகளுக்கு நடுவே அழுத்தி, ஒரே தடவையில் பாதித் தடிமனுக்கும் கீழே உருட்டினோம். வெளிவந்த தகடு நேராக வராமல், செம்புப் பக்கமாக வளைந்து மேல் உருளையைத் தழுவியபடி ஏறியது. மென்மையான அலுமினியம் அதிகம் நீண்டதால் வந்த வளைவு அது என்பது தெரியும். ஆனால் குறுக்காக வெட்டிப் பார்த்தபோது, அலுமினிய அடுக்கு செம்பைவிட வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. ஒட்டிக்கொண்ட இரண்டும் ஒன்றாகத்தானே நீள வேண்டும்? இந்த வேறுபாடு எங்கே நுழைந்தது என்பது இன்றும் உறுத்துகிறது.

நுண்ணோக்கி:
ஒட்டுவதற்கு முன்பே நுழைந்துவிட்டது. உருளை இடைவெளியின் வாயில் அலுமினியம் நெகிழத் தொடங்கும்போது செம்பு இன்னும் விறைப்பாகவே இருக்கும். இரண்டும் தொடும் பரப்பான இடைமுகம் வழுக்கும்வரை மென்மையானது தனியே மெலியும், ஒட்டிய பிறகுதான் இரண்டும் சேர்ந்து நீளும். ஆனால் கடினமானது எப்போதும் தப்பித்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். 1990களின் இறுதியில் ஒசாகாவில் உருவான முறைப்படி, உருட்டிய தகட்டை இரண்டாக வெட்டி, அடுக்கி, மறுபடி பாதியாக உருட்டிக்கொண்டே போனோம். சில சுற்றுகளுக்குப் பின் மெருகேற்றிய வெட்டுமுகத்தில், அலுமினியத்துக்கு நடுவே இருந்த செம்பு அடுக்கு இடையிடையே கழுத்துபோல ஒடுங்கி அறுந்து, செந்நிறப் பருப்புகளின் வரிசையாகக் கிடந்தது. அடுக்கின் சராசரித் தடிமனைக் கணக்கிட்டு அறிக்கை எழுதுபவர்கள் அந்த ஒடுக்கங்களைப் பார்ப்பதே இல்லை.

பட்டறைவாசி:
கடினத்தன்மையின் மீது மட்டும் பழி போடுவது சரியன்று. எங்களிடம் எவர்சில்வரோடு உருட்டிய அலுமினியம், கையில் எடுத்தவுடனேயே ஏடு பிரிவதுபோல் பிரிந்து வந்தது. காரணம் பரப்பைத் தயார்செய்த விதம்தான். ஆகவே எண்ணெய்ப் பசையை முழுவதும் நீக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, காற்றில் காத்திருக்க விடாமல் உடனே உருட்டுங்கள். தேய்த்ததால் விறைத்த மேலேடு உருட்டும்போது விரிசல் விட, அந்த விரிசல்கள் வழியே பிதுங்கி வரும் புதிய உலோகம்தான் ஒட்டுகிறது. முதல் தடவையின் தடிமன் குறைப்பு போதாவிட்டால் விரிசல் போதிய அளவு திறக்காது. முன்முனையை ரிவெட் அடித்து இணைத்துக்கொண்டால் அடுக்குகள் நகராது. இடையில் பதமாகச் சூடேற்றிச் செம்பின் இறுக்கத்தைத் தளர்த்தலாம், ஆனால் சுமார் 300 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் இடைமுகத்தில் நொறுங்கும் சேர்மம் வளர்ந்துவிடும். வளைவைத் தவிர்க்க வேண்டுமா, அலுமினியம், செம்பு, அலுமினியம் என்று சமச்சீராக அடுக்குங்கள். 1965இன் சட்டத்துக்குப் பின் வந்த அமெரிக்கப் பத்து சென்ட் நாணயமும் செம்பு உள்ளீட்டின் இருபுறமும் செம்பு–நிக்கல் ஏடு பொதிந்ததுதான்.

நுண்ணோக்கி:
அந்த நாணயத்தில் கடினமான ஏடு வெளியே இருக்கிறது, நீங்கள் சொல்லும் அடுக்கில் அது உள்ளே போய்விடுகிறது. வளைவு நிற்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் செம்பு அறுந்ததும் அலுமினியத்துக்கு நடுவில்தான்.